எண்ணெய் விட்டால் போதுமா?



பெருநாட் சுற்றுப்பிரகாரத்தில் பாண்ட் வாத்தியத்தின் பின்னே நீங்கள் நடந்திருப்பீர்கள். பழைய ட்ரம்பெட்டின் பிஸ்டன்கள் பல்லாண்டு உராய்வினால் தேய்ந்துபோனால், ஊதுகிறவரின் மூச்சு இடுக்கு வழியே கசிகிறது, சுரம் மங்குகிறது. தடித்த எண்ணெய் விட்டுச் சிலநாள் சமாளிக்கலாம். நாமும் அப்படித்தான். வேலி வழக்கினால் உடன்பிறந்தானோடு பேச்சை நிறுத்திவிட்டு, பூசைக்கு வந்து மெழுகுதிரி கொளுத்துகிறோம்.

கைதேர்ந்த திருத்துநர் எண்ணெயை நம்புவதில்லை. தேய்ந்த பிஸ்டனுக்கு நிக்கல் பூச்சேற்றிச் சற்றுத் தடிப்பாக்குகிறார். பின்பு மெல்லிய அரைபொடியிட்டு, அதற்குரிய உறைக்குள்ளேயே பொறுமையாகத் தேய்த்துப் பொருத்துகிறார். ஒன்றின் பிஸ்டன் மற்றதன் உறைக்கு உதவாது. அதனால்தான் 1, 2, 3 என்று இலக்கம் பொறித்திருக்கிறது. பாவசங்கீர்த்தனத்திலே தேவ அருள் கிடைக்கிறது, உண்மை. ஆனால் அண்ணன் வீட்டுப் படலையைத் திறக்க உங்களுக்குப் பதிலாள் இல்லை.

இன்னுமொன்று. வேலை முடிந்ததும் அரைபொடியைத் துகளும் மிஞ்சாமற் கழுவவேண்டும். மிஞ்சினால் புதுப்பூச்சையும் அது தின்றுவிடும். சமாதானமான பின்னும் “அன்றைக்கு நீ சொன்னாயே” என்று தொடங்குபவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

காணிக்கையைப் பீடத்தடியில் விட்டுவிட்டு முதலிற் போகும்படி மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அனுப்பியது அந்தப் படலைக்குத்தான். நீங்கள் திரும்பி வரும்வரை காணிக்கை அங்கேயே இருக்கும்.