என்ஜின் உடைந்த பின்னும் அதே காரா?

1967ஆம் ஆண்டு செவ்ரலே கார்வெட்டின் என்ஜின் பிளாக்கில், வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், மட்டம் செய்யப்பட்ட சிறு திட்டு ஒன்று இருக்கும். சேகரிப்பாளர்கள் அதை ஸ்டாம்ப் பேட் என்பார்கள். அதில் இரண்டு குறிகள் அடிக்கப்பட்டிருக்கும். ஒன்று, நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா ஆலையில் அந்த என்ஜின் கோக்கப்பட்ட மாதம், தேதி, அதன் வகை ஆகியவற்றைச் சொல்வது. அது ‘ஜே.இ.’ என்று முடிந்தால் 427 கன அங்குலம், 435 குதிரைத்திறன், கையால் கியர் மாற்றும் வகை என்று பொருள். மற்றது, செயின்ட் லூயிஸ் ஆலையில் அந்த என்ஜின் ஏறிய காரின் தொடர் எண். அந்த எண்ணும் காரின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் அது ‘மேட்சிங் நம்பர்ஸ்’ கார். அவ்வாண்டு தயாரான 22,940 கார்வெட்டுகளில் ஏறத்தாழ 3,750 கார்கள்தான் இந்த 435 குதிரைத்திறன் என்ஜினோடு வந்தன. ஆகவே ஒரு காரின் பெருமையும் விலையும் அந்தச் சிறு திட்டின் மேல் நிற்கின்றன.

அந்த என்ஜின் ஒருநாள் உடைகிறது. உடைவது பெரும்பாலும் எண்ணெயில் தொடங்கும். வேகமான வளைவில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சும். அல்லது பழைய பம்ப் அழுத்தம் தராது. கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் கனெக்டிங் ராடுக்கும் நடுவே உள்ள பேரிங், எண்ணெய்ப் படலம் இல்லாமல் காய்ந்து, சூடேறி, இடம்விட்டுச் சுழலத் தொடங்கும். டக் டக் என்ற தட்டல் கேட்கும். அப்போதே நிறுத்தினால் கிராங்கை அரைத்துப் புதிய பேரிங் போட்டு மீளலாம். நிறுத்தாவிட்டால் ராடின் போல்ட் அறுந்து, ராடு பிளாக்கின் பக்கச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வரும். வார்ப்பிரும்பில் கையளவு ஓட்டை, தரையில் எண்ணெய், எண்ணெயோடு உலோகத் துண்டுகள். நூறு ரூபாய்ப் பொருளோ கோடி ரூபாய்ப் பொருளோ, உலோகம் உடைவது ஒரே விதமாகத்தான்.

உரிமையாளருக்கு முன்னால் இப்போது நான்கு வழிகள் உண்டு. உடைந்த பிளாக்கையே தைத்தோ வெல்டிங் வைத்தோ சிலிண்டருக்குப் புது ஸ்லீவ் இறக்கியோ மீட்கலாம். அதே ஆண்டில், அதே வார்ப்பு எண்ணோடு வந்த வேறொரு பிளாக்கைத் தேடிப் போடலாம். புதிதாக வார்த்த பிளாக்கைப் போடலாம். ஃபெராரியின் கிளாசிகே பிரிவு பழைய வரைபடங்களைக் கொண்டு இப்படி வார்த்துத் தருகிறது. கடைசி வழி, வேறொரு பிளாக்கை வாங்கி அதன் எண்ணைச் சீவி எடுத்துவிட்டுப் பழைய எண்ணை அடிப்பது. முதல் மூன்றும் பட்டறைக் கேள்விகள் போலத் தோன்றினாலும் அவற்றுக்கு அடியில் ஓடுவது தத்துவத்தின் மிகப் பழைய கேள்வி: உறுப்புகள் மாறிய பொருள் அதே பொருளா? நான்காவது வழி அறத்தைச் சேர்ந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பழைய கார் உலகில் இத்தனை சண்டைகள்.

கிரேக்கர்கள் இக்கேள்வியைக் கப்பலை வைத்துக் கேட்டார்கள். புராண வீரன் தீசியஸ் ஏறி வந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பலகை உளுக்க உளுக்க மாற்றி நெடுங்காலம் காத்தார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். 1655இல் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் இதில் ஒரு முடிச்சைச் சேர்த்தார்: கழித்த பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து அதே வரிசையில் இன்னொரு கப்பலைக் கட்டினால், எது தீசியஸின் கப்பல்? ஹாப்ஸுக்கு அது கற்பனை. பந்தயக் கார் உலகில் அது நடப்புச் செய்தி. ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் நடுவே என்ஜினைக் கழற்றி இன்னொரு சேஸியில் ஏற்றுவது அணிகளின் அன்றாட வேலை. ஐம்பது ஆண்டு கழித்து சேஸி ஒரு நாட்டிலும் என்ஜின் வேறொரு நாட்டிலும் கிடைக்கும்போது இரண்டு உரிமையாளர்களும் தம்மிடம் இருப்பதே அந்தக் கார் என்பார்கள்.

பௌத்தம் இக்கேள்வியைத் தேரை வைத்தே எடுத்துக்கொண்டது. மிலிந்த பஞ்ஹ என்ற பாலி நூலில், கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இந்தோ-கிரேக்க அரசனான மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்கிறார்: அரசே, தேரில் வந்தீர்கள், ஏர்க்காலா தேர்? அச்சா? சக்கரமா? எதுவும் இல்லை என்கிறான் அரசன். இவை எல்லாம் சேர்ந்ததா? இல்லை. இவற்றுக்கு வெளியே வேறொன்றா? அதுவும் இல்லை. உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயரே தேர் என்று அவன் ஒப்புக்கொள்கிறான். மனிதருக்குள்ளும் மாறாத ஆன்மா என ஒன்று கிடையாது, உடலும் உணர்வும் நினைவும் சேர்ந்த தொகுதிக்கு வழங்கும் பெயரே நாகசேனர் என்பதை நிறுவவே அவர் தேரைக் கையில் எடுத்தார்.

கார்வெட்டின் மூடியைத் திறந்துவைத்து இதே கேள்விகளைக் கேட்டால் பதிலும் அதேதான். ஸ்டாம்ப் பேடில் கார் இல்லை; சேஸியில் இல்லை; ஃபைபர் கண்ணாடி உடலிலும் இல்லை. பிளாக்கின் உள்ளே காரின் உயிர் குடியிருப்பதாக எண்ணிக் கலங்கும் சேகரிப்பாளர், பௌத்தப் பார்வையில், ஆன்மாவை இரும்பில் தேடுகிறார். ஒரு வார்ப்பிரும்புத் துண்டு உடைந்ததற்காக உறக்கம் கெடுபவருக்கு இந்த வாதம் உண்மையிலேயே மருந்து. ஆனால் அதை அரைகுறையாக விழுங்கக் கூடாது. பெயர் வெறும் வழக்கு என்று நாகசேனர் சொன்னதற்கு, எந்தப் பெயரையும் எதற்கும் வைக்கலாம் என்று பொருள் கிடையாது. வழக்குக்கும் விதி உண்டு. எந்த உறுப்புகளைச் சார்ந்து, எந்தத் தொடர்ச்சியில் அந்தப் பெயர் வந்தது என்பதே அந்த விதி. மனிதர் விஷயத்தில் பௌத்தம் சொல்லும் பதிலும் தொடர்ச்சிதான்: இரவெல்லாம் எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல என்று அதே நூல் சொல்கிறது.

நியாய, வைசேஷிக தரிசனங்கள் இதை ஏற்கவில்லை. அவற்றின்படி முழுமை என்பது உறுப்புகளில் குடிகொண்டிருக்கும் தனிப்பொருள், பெயரளவில் நிற்பதன்று. அப்படியானால் உறுப்பு போனால் முழுமைக்கு என்ன ஆகும்? அவர்களின் விடை கடுமையானது: துணியிலிருந்து ஒரு துண்டு கிழிந்தால் பழைய துணி அழிந்து, எஞ்சிய நூல்களில் புதிய துணி ஒன்று பிறக்கிறது. ஒரு ஸ்பார்க் பிளக்கை மாற்றினாலே பழைய கார் போய்விடும் என்று சொல்லவைக்கும் வாதம் இது. எந்தப் பட்டறையும் இதோடு வாழ முடியாது. ஆனாலும் இவ்விரு மரபுகளும் தமக்குள் நடத்திய ஒரு சண்டை உடைந்த பிளாக்குக்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. மண்குடம் சூளையில் வேகும்போது கறுப்பு நிறம் போய்ச் சிவப்பு வருகிறது. குடம் அணுக்களாகப் பிரிந்து, அணுக்கள் நிறம் மாறி, மீண்டும் கூடிப் புதிய குடமாகின்றன என்றனர் வைசேஷிகர். குடம் குடமாகவே நின்று நிறம் மாறுகிறது என்றனர் நியாயர். சூளைக்குள் வைத்த குடத்தையே வெளியே எடுக்கிறோம் என்று நாம் அடையாளம் காண்பதை அவர்கள் சான்றாகக் காட்டினர்.

வார்ப்பிரும்புப் பிளாக்கை வெல்டிங் வைக்கும் முறையைப் பார்த்தால் இந்தச் சண்டை கண்முன் நடக்கும். குளிர்ந்த வார்ப்பிரும்பில் நெருப்பு பட்டால் பக்கத்தில் புதிய விரிசல் ஓடும். எனவே முழுப் பிளாக்கையும் உலையில் சில நூறு டிகிரி வரை சூடேற்றி, சூட்டோடு விரிசலை அடைத்து, பிறகு நாள்கணக்கில் மெல்ல ஆறவிடுகிறார்கள். சூடு வேண்டாம் என்பவர்கள் விரிசல் நெடுகத் துளைகளை ஒன்றையொன்று கவ்வும்படி போட்டு, ஒவ்வொன்றிலும் திருகாணி இறக்கிச் சீவி, இரும்பை இரும்பால் தைக்கிறார்கள். வேலை முடிந்ததும் தையல் இருந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டிலும் உள்ளே சென்ற பிளாக்கே வெளியே வருகிறது என்பதை எவரும் மறுப்பதில்லை. இங்கே நியாயரின் பக்கமே வலுவானது. இரும்பில் ஒரு பங்கு புதியது என்பதற்காக டோனவாண்டாவில் வார்த்த பிளாக் இல்லாமல் போய்விடாது.

சமணர்கள் இரு பக்கத்தையும் ஏற்றார்கள்: பொருள் நிலைக்கிறது, அதன் நிலைகள் மாறுகின்றன, இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது அரை உண்மை. இந்த வழக்கு தமிழிலும் நடந்தது. மணிமேகலையில் வைசேஷிக வாதி தன் கொள்கையைச் சொல்கிறார். எல்லாப் பொருளும் கணந்தோறும் அழிந்து பிறக்கிறது என்னும் பௌத்தர்களின் கண நேரக் கொள்கையை நீலகேசி என்னும் சமணக் காப்பியம் எதிர்த்து வாதிடுகிறது.

நீதிமன்றமும் இதைத் தீர்க்க வேண்டிவந்தது. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ எனப் பெயர்பெற்ற பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ் கார் 1929லும் 1930லும் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. இரண்டு முறையும் வூல்ஃப் பர்னாட்டோ ஓட்டியவர்களில் ஒருவர். ஆறரை லிட்டர் என்ஜினுடன் வென்ற அந்தக் காருக்குப் பின்னர் எட்டு லிட்டர் என்ஜின் பொருத்தப்பட்டது. 1932 செப்டம்பரில் புரூக்லேண்ட்ஸ் தடத்தில் அது கரைமேட்டைத் தாண்டி விழுந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபி இறந்தார். அதன்பின் கூரைவைத்த காராக மறுபடி கட்டப்பட்டது. 1990இல் இந்தக் கார் ஒரு கோடி பவுண்டுக்கு விலைபேசப்பட்டபோது, இது அந்தக் காரே இல்லை என்று வாங்குபவர் பின்வாங்கினார். லண்டனில் நீதிபதி ஆட்டன் வழக்கைக் கேட்டார். 1929இன் காரிலிருந்து தேதி சொல்ல முடியாத சில சிறு பொருத்துகளைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. 1930இன் காரிலிருந்து மிஞ்சியவை பெடல் தண்டு, கியர்பாக்ஸ் உறை, ஸ்டியரிங் தண்டு போன்றவை மட்டுமே என்பது சாட்சியங்களில் வெளிவந்தது. ஆலையிலிருந்து வந்த நிலையில் அது இல்லை என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆயினும் அந்தக் கார் எந்தக் கட்டத்திலும் இல்லாமல் போய்விடவில்லை, அதன் இடத்தில் வேறு கார் வந்து நிற்கவும் இல்லை. அறுபடாத வரலாறு கொண்ட இதுவே ஓல்ட் நம்பர் ஒன் என்று தீர்த்தார்.

இந்தத் தீர்ப்பு சரியானது. நாகசேனரின் விளக்கு ஆங்கிலச் சட்டத்தின் வழியாக மறுபடி ஏற்றப்பட்டதுபோல் இருக்கிறது. தொடர்ச்சிதான் அடையாளம் என்றால், என்ஜின் உடைந்து மாற்றப்படுவதும் அந்தக் காரின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி; அதன் முடிவு அல்ல. காரைச் செய்தவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். 60களின் கடைசியில் செவ்ரலேயின் வாரண்டி காலத்துக்குள் என்ஜின் போனால் டீலர் வேறு பிளாக்கைப் போட்டுக் கொடுத்தார், அதில் ‘சி.இ.’ என்ற குறி இருக்கும். அன்று அதை வாங்கிச் சென்றவர் தம் கார் செத்துவிட்டது என்று நினைத்திருக்க மாட்டார்.

ஆனால் இதே கொள்கை நான்காவது வழியை முற்றாக அடைத்துவிடுகிறது. அடையாளம் வரலாற்றில் இருக்கிறது என்றால், வரலாற்றைப் பொய்யாக எழுதுவது காரின் அடையாளத்தையே அழிப்பது. ராடு குத்தி உடைத்த ஓட்டை செய்யாத கேட்டை, எண் அச்சும் சுத்தியலும் எடுத்து எண் அடிப்பவர் செய்கிறார். இதில் ஒரு வேதனையான சிக்கலும் உண்டு. கார்வெட்டின் ஸ்டாம்ப் பேட், ஹெட் உட்காரும் பரப்பின் நீட்சி. ஆலையில் புரோச் இயந்திரம் அந்தப் பரப்பை ஒரே இழுப்பில் மட்டம் செய்தபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் எண்களுக்கு அடியில் ஓடும்; நிபுணர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேடுவது அவற்றைத்தான். ஹெட் கேஸ்கெட் கசிந்து பரப்பு கோணினால், சரிசெய்ய மேலிருந்து சிறிது சீவ வேண்டும். சீவினால் கோடுகளும் போகும், எண்ணும் போகும். நேர்மையான பழுதுபார்ப்பே சான்றை அழித்துவிடுகிறது. அழிந்த எண் உண்மையான எண்தானே, அதையே திரும்ப அடித்தால் பொய் எங்கே இருக்கிறது என்று உரிமையாளர் கேட்கலாம். எண் உண்மைதான். ஆனால் அந்தக் குறி, 1967இல் ஆலையில் என்னை அடித்தார்கள் என்று சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சி பொய். அந்தப் பொய்யால், வேறு எவனோ செய்த மோசடிக்கும் இதற்கும் வேறுபாடு காண முடியாமல் போகிறது. சீவுமுன் எடுத்த தெளிவான படங்களும் பட்டறையின் கையெழுத்திட்ட குறிப்பும் அந்த எண்ணைவிட நம்பத்தக்க சான்று.

பழைய வாகனங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்ற டூரின் சாசனம் இதே திசையில் செல்கிறது: தலையீடு குறைவாக இருக்க வேண்டும், செய்தவை பதிவாக வேண்டும், மாற்றிய உறுப்பு மாற்றியது என்று தெரியும்படி குறியிடப்பட வேண்டும். இதன்படி பார்த்தால் உடைந்த பிளாக்குக்கான முறை தெளிவாகிறது. மீட்க முடிவதை மீட்பதே முதல் தேர்வு. அதிக வெப்பமும் அழுத்தமும் தாங்க வேண்டிய இடத்தில் விரிசல் என்றால், காரை ஓட்ட வேறு பிளாக்கைப் பொருத்தி, பழையதை எண்ணெய் தடவி ஒரு மரப்பெட்டியில் வைத்துக் காரோடு சேர்த்தே விற்பது அடுத்தது. பழைய பிளாக்கைக் கழிவு இரும்புக்குப் போடுவதும், அதைத் தனியாக இன்னொருவருக்கு விற்பதும் கூடாது. விற்றால் ஹாப்ஸின் முடிச்சு அங்கே தொடங்கும்.

தொடங்கிவிட்டால், அதாவது சேஸி ஒருவரிடமும் அதன் என்ஜின் இன்னொருவர் காரிலும் இருந்தால், தொடர்ச்சிக் கொள்கை பாதி விடையைத்தான் தருகிறது. பெயரும் பந்தய வரலாறும் சேஸியோடு போகும், ஏனெனில் உறுப்புகள் அதைச் சுற்றியே மாறி வந்தன. என்ஜினுக்கு அதன் சொந்த வரலாறு உண்டு. எந்தக் கார் அதைச் சுமந்தது என்பது அதில் ஒரு பகுதி. இரண்டையும் சேர்க்க விரும்புகிறவர் பேசி வாங்கத்தான் வேண்டும், வாங்கும்வரை இரு கார்களின் ஏட்டிலும் மற்றதன் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும்.