சமதளத்தில் இறங்கித் தள்ளுவது

எங்க நைனாவிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. கேரியரில் என்னை உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோவார். சேரியை விட்டு ஏரிக்கரை வழியாக மிதித்து வருவார். ஊர்த்தெரு தொடங்குகிற இடத்தில் ஒரு புளியமரம். அங்கே வந்ததும் இறங்கிவிடுவார். என்னையும் இறக்கிவிடுவார். தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டே நடப்போம். மாரியம்மன் கோயில் தாண்டியதும் மறுபடி ஏறுவோம். “இன்னாத்துக்கு நைனா எறங்குற?” என்று ஒருநாள் கேட்டேன். “மேடும்மா, மிதிக்க முடியல” என்றார். 1997, 98 வாக்கில் நடந்தது இது. அந்தத் தெருவில் மேடே கிடையாது. மழை பேய்ந்தால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் தண்ணீர் நடுத்தெருவிலேயே தேங்கி நிற்கும்.

பெற்ற பிள்ளையிடம் சொன்ன இந்தப் பொய்யை என்னவென்று வைத்துக்கொள்வது? சமீபத்தில் புதுச்சேரியில் தனியாக சைக்கிள் விட்டபோது இந்தக் கேள்வி வந்து பிடித்துக்கொண்டது.

ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். மறுநாள் விடியற்காலையில் தோழர் ஒருத்தரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு பீச் ரோட்டுக்குப் போனேன். தெற்கே துய்ப்ளெக்ஸ் சிலையில் ஆரம்பித்து வடக்கே ஒன்றரை கிலோமீட்டர். ஒரு மேடு பள்ளம் இல்லை. வலதுபக்கம் கருங்கல் குவியல், அதற்கப்பால் கடல். அந்தச் சாலையிலேயே அம்பேத்கர் மணிமண்டபம் இருக்கிறது, காந்தி சிலை இருக்கிறது, 1836-இல் எரியத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. நடைப்பயிற்சிக்காரர்கள் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் இல்லை. சும்மா போனேன்.

இந்த ‘சும்மா’ நமக்குப் புதுசு. கூலிக்குப் போயிருக்கிறோம், ரேஷனுக்குப் போயிருக்கிறோம், பிணம் தூக்கிப் போயிருக்கிறோம், கொடி பிடித்து ஊர்வலம் போயிருக்கிறோம். ரோட்டில் இருக்கிற சேரிக்காரன் கையில் எப்போதும் ஒரு காரணம் இருக்க வேண்டும். புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது. 1992 மகளிர் தினத்தன்று 1500 பேருக்கு மேல் ஊர்வலமாக ஓட்டிப்போனார்கள். தண்ணீர் எடுக்கலாம், வேலைக்குச் சீக்கிரம் போகலாம் என்று அதற்கு எத்தனையோ பிரயோசனம் சொன்னார்கள். எல்லாம் சரிதான். ஆனால் வேலை முடிந்து எந்தப் பிரயோசனமும் இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றிவந்தாளே ஒருத்தி, அவளுக்குக் கிடைத்ததுதான் பெரிசு என்று நினைக்கிறேன்.

புதுச்சேரிக்குச் சமத்துவ ஊர் என்று ஒரு பெயர் உண்டு. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியச் செருப்பணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார் என்று அபராதம் போட்டார்கள். விடாமல் பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்தார். நியாயமான சண்டை. வெள்ளைக்காரன் எதிரில் செருப்புப் போட பாரிசில் நீதி கிடைத்தது. ஊர்த்தெருவில் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்த நம் சனங்கள் எந்த நாட்டுக் கோர்ட்டுக்குப் போவது? எல்லைக்கு இந்தப் பக்கம், பொதுச் சாலையில் எந்தச் சாதியாரும் நடக்கலாம் என்று சென்னைச் சட்டசபை 1924-லேயே தீர்மானம் போட்டது. எங்க நைனா பிறக்க இன்னும் எத்தனையோ வருசம் இருந்தது.

சாராய ஆலையைத் தாண்டிக் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று மிதித்துக்கொண்டே போனேன். ஒரு டீக்கடையில் நின்றேன். பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஆயா பேச்சுக் கொடுத்தார். நல்ல மாதிரி. வெள்ளனே வந்துட்டியே, பசிக்காதா என்றெல்லாம் கேட்டார். அப்புறம், “எந்த ஊரும்மா?” சொன்னேன். அவருக்குத் தெரிந்த ஊர்தான், யாரையோ கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். “ஊருக்குள்ளயா, அந்தாண்டயா?”

“ஊருக்குள்ளதான்” என்றேன்.

எனக்கு முப்பத்தைந்து வயசாகிறது. பத்து வருசமாக மேடை ஏறி, அடையாளத்தை மறைக்காதே, தலைநிமிர்ந்து சொல் என்று பேசுகிறவள். முந்தின நாள் சாயங்காலம்கூட அதைத்தான் பேசிவிட்டு இறங்கினேன்.

அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்கிற தன் நினைவுக் குறிப்பில் 1901-இல் நடந்த ஒரு பயணத்தைச் சொல்கிறார். சிறுபையன்கள் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி நிற்கிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் யார் நீங்கள் என்று கேட்கிறார். யோசிக்காமல் மகர் என்று சொல்லிவிடுகிறார் சிறுவன் அம்பேத்கர். அந்த ஆளின் முகம் மாறிப்போகிறது. இரட்டைக் கூலி கொடுத்தும் வண்டிக்காரன் வண்டியோட்ட மறுக்கிறான். பையன்களே ஓட்ட, அவன் கீழே நடந்துவருகிறான். ராத்திரி தாகம். சுங்கச்சாவடிக்காரரிடம் போய் நாங்கள் முஸ்லிம்கள் என்று சொல்லித் தண்ணீர் கேட்கிறார் அம்பேத்கர். அப்போதும் தண்ணீர் கிடைக்கவில்லை. உண்மை சொன்னதும் அவர்தான், பொய் சொன்னதும் அவர்தான். இரண்டையும் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

எம்.ஏ. படிக்கும்போது குறளில் வாய்மை அதிகாரம் நடத்திய ஐயா, குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்யும் மெய்தான் என்று விளக்கி, வேடனிடமிருந்து பசுவைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை உதாரணம் காட்டினார். ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1797-இல் நேர்மாறாக எழுதினார்: கொலைகாரன் வாசலில் நின்று, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது. இரண்டு பேர் கணக்கிலும் ஒளிந்திருப்பது வேறு யாரோ. பதில் சொல்கிறவன் பத்திரமாக வாசலில் நிற்கிறான். தேடப்படுவதும் பதில் சொல்வதும் ஒரே உடம்பாக இருந்தால் என்ன செய்வது? நம்மிடம் சாதி கேட்கிறவனுக்கு உண்மையைப் பெறும் உரிமை எங்கிருந்து வந்தது?

கேட்பவனுக்கு அந்த உரிமை இல்லை. இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகவே நான் அந்த ஆயாவுக்குத் துரோகம் செய்யவில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. பீச் ரோட்டில் ஒன்றரை கிலோமீட்டர் அனுபவித்தேனே, அது யாருக்கும் என்னைத் தெரியாததால் கிடைத்தது. தெரிந்தால் போய்விடும் என்று பயந்துதான் வாய் தானாகப் பொய் சொன்னது. அந்தப் பொய்யில் என் காலைப்பொழுது தப்பித்தது. கூடவே அந்தக் கேள்வியும் தப்பித்தது. அடுத்து டீ குடிக்க வருகிறவளிடம் அது போகும். நைனா சொன்ன ‘மேடு’ம் அப்படித்தான். எட்டு வயசுப் பிள்ளை இரண்டு வருசம் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனாள். அந்தத் தெருவும் நிம்மதியாக இருந்தது. அதன் அயோக்கியத்தனத்தை நைனா தன் கால் வலியாக்கி ஏற்றுக்கொண்டார்.

எங்க ஊரில் இப்போது பையன்கள் யாரும் இறங்குவதில்லை. 2000-த்துக்குப் பிறகு இரண்டு அடிதடி, ஒரு வழக்கு. அப்புறம் மோட்டார் சைக்கிளிலேயே போகிறார்கள். நைனா மட்டும் இன்றைக்கும் புளியமரத்தடியில் இறங்குகிறார். பழக்கம் என்கிறார். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். நீயெல்லாம் புல்லட் ஓட்டுவதா என்று கேட்டு வெட்டியதாகப் புகார். மூன்று பேர் கைதானார்கள். அந்தச் செய்தியை டீக்கடையில் வாசிக்கக் கேட்டுவிட்டு வந்து, ரெண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தார்.

ஊருக்குப் போனபோது புதுச்சேரிக் கதையை அவரிடம் சொன்னேன். கடலைப் பற்றிக் கேட்டார். சைக்கிள் நல்ல சைக்கிளா என்று கேட்டார். அப்புறம், “அந்தாண்டயான்னு கேட்டதுக்கு இன்னா சொன்னே?”

“ஊருக்குள்ளன்னு சொன்னேன் நைனா.”

“நல்லதாப் போச்சு” என்றார். “தனியா போற பொண்ணு.”