யாருக்குக் கணக்குச் சொல்வது?

லூப்பஸ் நோய்க்கு பிரெட்னிசோலோன் மாத்திரை சாப்பிடத் தொடங்கியபின் என் முகம் உருண்டுவிட்டது. ஜொகூர் பாருவில் கல்யாண வீடோ கோவிலோ, எங்கே போனாலும் நலம் விசாரிப்பதற்கு முன்பே கேள்வி வந்து நிற்கும்: "என்னம்மா, இப்படி உடம்பு போட்டுட்ட? சோத்தைக் கொறைக்கிறதுதானே?"

கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பருமன் என்றால் வாயைக் கட்டாததன் விளைவு என்றே நாம் பழகிவிட்டோம். 2019-இன் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ கொண்டிருந்தனர். இதில் யார் மருந்தால் பருத்தவர் என்று பார்த்த மாத்திரத்தில் எப்படித் தெரியும்?

அட்ரினல் சுரப்பி தினமும் சுரக்கும் கார்ட்டிசோலைவிட பிரெட்னிசோலோன் ஏறக்குறைய 4 மடங்கு வீரியமானது. அது பசியைக் கிளப்பும். கை கால் தசையைக் கரைக்கும். கொழுப்பை முகத்திலும் பிடரியிலும் வயிற்றிலும் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிடாதவருக்கும் முகம் மாறலாம். ஆனால் இதே ஸ்டீராய்டு மருந்துக் குடும்பம்தான் 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணைச் சில நாளில் நடக்க வைத்தது. லூப்பஸிடமிருந்து என் சிறுநீரகங்களைக் காப்பதும் அதுதான்.

ஆகவே பொறுப்பைப் பிரித்துக்கொண்டேன். மாத்திரையின் அளவு மருத்துவர் பாடு. தட்டு என் பாடு. சுகாதார அமைச்சு சொல்லும் 'சூக்கு சூக்கு செப்பாரோ' கணக்குப்படி கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் அல்லது கோழி, அரைத் தட்டு காய்கறி, பழம். கருவாடும் ஊறுகாயும் எப்போதாவதுதான். இனிப்பான பால் தேநீர் தே தாரிக் போய், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் வந்தது. பட்டினி மட்டும் கிடப்பதில்லை. தசையையும் எலும்பையும் அரிக்கும் மருந்தோடு பட்டினியும் சேர்ந்தால் உடம்பு தாங்காது. வெயில் பட்டால் லூப்பஸ் சீறும் என்பதால் பொழுது சாய்ந்தபின் தாங்கா பே கரையில் நடை. மழை பெய்தால் பேரங்காடிக்குள். எடை இறங்கவில்லை, ஏறும் வேகம் அடங்கியிருக்கிறது. மாடிப்படி ஏறும்போது கால் துவளவில்லை. இப்போதைக்கு இதுவே வெற்றி. மருந்தின் அளவு குறையக் குறைய முகமும் மெல்லப் பழையபடி ஆகும்.

பயமெல்லாம் வேறொன்றில். ஊர்ப்பேச்சு பொறுக்காமல் மாத்திரையை ரகசியமாக நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பல வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டவரின் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அடங்கிய நோயும் மறுபடி கிளம்பும்.

நோயாளிக்கு ஒரு வார்த்தை: எடை உறுத்தினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். மற்றவர்களுக்கும் ஒன்று: பருத்தவரைக் கண்டால் "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள், "எவ்வளவு சாப்பிடுற?" என்று கேட்காதீர்கள்.