திருத்துவதும் எழுதித் தருவதும்



ஒரகடத்து ஆலைகளில் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள் மேற்படிப்புக்கு வெளிநாடு போக விரும்புவது நம் படப்பையில் இன்று புதுமையன்று. நம் மாநிலத்தில் பொறியியல் படிப்புக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவு. அயல்நாட்டுக் கல்லூரிகள் பலவோ, "நீ யார்? இதை ஏன் படிக்க விரும்புகிறாய்?" என்று ஒரு கட்டுரையும் கேட்கின்றன. பழக்கமில்லாத இக்காரியத்தில் பிறர் உதவியை நாடலாமா என்பதே கேள்வி.

உதவி பெறுவதே குற்றம் என்பார் உளர். அது நியாயமன்று. ஆங்கிலம் பேசும் வீட்டில் பெற்றோரே பிழை திருத்தி விடுவர். நைட் ஷிப்ட் முடிந்து வரும் தகப்பனால் அது கூடுமோ? அவர் பிள்ளை ஓர் ஆசிரியரிடம் போவதில் தவறில்லை. வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்து, சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் பயின்றார். தேம்பாவணியைக் கவிராயரே பாடியிருப்பார் என்று ஐயுற்றவர்களும் உண்டு. ஆனால் சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் செய்தவருக்கு அப்புலமை இல்லையென்பது எங்ஙனம்? ஆசானிடம் கற்றது மாணவனுடையதே ஆகிவிடுகிறது.

பிறர் எழுதித் தந்தது அப்படி ஆவதில்லை. பிரிட்டனில் கல்லூரி விண்ணப்பங்களைப் பெறும் யூகாஸ் நிறுவனம், 50,000 விண்ணப்பக் கட்டுரைகளைக் கணினியால் ஒப்பிட்டு 2007-இல் முடிவை வெளியிட்டது. எட்டு வயதில் தம் இரவு உடையில் ஓட்டை விழ எரித்துக்கொண்ட கதையை 234 பேர் எழுதியிருந்தனர்! அத்தனை பேருக்கும் ஒரே விபத்தா நேர்ந்திருக்கும்?

அமெரிக்கக் கல்லூரிகள் பல ஏற்கும் பொது விண்ணப்பத்தில், இது என் சொந்தப் படைப்பு என்று மாணவனே உறுதி கூற வேண்டும். எழுதியது ஏஜென்ட் ஆயினும், கணினிச் செயலி ஆயினும், சாட்சி சொல்பவன் மாணவனே. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை இங்கும் செல்லும். அச்சாட்சியால் இடமிழப்பவன், தானே எழுதிய இன்னொரு ஏழைப் பிள்ளையாயிருக்கலாம்.

ஆகவே திருத்துபவர் பிழையைச் சுட்டட்டும், "இங்கே என்ன சொல்ல வருகிறாய்?" என்று கேட்கட்டும், பேனாவை மட்டும் பிள்ளையிடமே விட்டுவிடட்டும். முடிந்தபின் தாளை மூடிவைத்து, எழுதியதை வாயால் சொல்லச் செய்யுங்கள். தயங்காமல் சொல்லி, ஏனென்று கேட்டால் விளக்கவும் முடிந்தால், அது அப்பிள்ளையுடையதே.

உண்மையாய் எழுதியவருக்கு இடம் கிடைக்காமலும் போகலாம், அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் பெற்றோர்களே, ஒன்றை யோசியுங்கள். பணம் கொடுத்து அலங்காரக் கதை வாங்கித் தரும்போது, "நம் வீட்டு வாழ்க்கை சொல்லத் தகுந்ததன்று" என்றே பிள்ளைக்குக் கற்பிக்கிறோம். ஆலைச் சம்பளத்தில் பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பத்தின் கதைக்கு என்ன குறை? அதை அப்பிள்ளையே சொல்லட்டும்.

உங்கள் பங்குக் குரு