மலிவும் மதிப்பும்

ஒரு பண்டத்தின் பெறுமதி வேறு, அதன் விலை வேறு என்பது பொருளியலின் அரிச்சுவடி. ஆயினும், உணவைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் நாம் எளிதிற் குழப்பிக்கொள்கிறோம். மலிவாகக் கிடைப்பது மதிப்பிலும் தாழ்ந்ததே என எண்ணிவிடுகிறோம். இவ்வெண்ணம் வெறும் அறியாமையா, அன்றி அறஞ்சார்ந்த ஒரு தவறா?

கடந்த விடுமுறையின்போது பாரிஸில் வாழும் என் சித்தப்பா வீட்டிற் சில வாரங்கள் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. (விசா பெற்ற கதை இக்கட்டுரைக்குப் புறம்பானது.) நகரின் பதின்மூன்றாம் வட்டாரத்திலுள்ள சிறியதொரு வியட்நாமிய உணவகத்துக்கு அவர் என்னை ஒருநாள் அழைத்துச் சென்றார். விரிப்பில்லாத மேசை, அறிமுகமற்றவரோடு தோள் உரச அமரவேண்டிய நெருக்கம், அமர்ந்து ஐந்து நிமிடத்துள் ஆவி பறக்கும் 'ஃபோ' வந்தது. அரிசிமா நூடில்சும் மெல்லிய இறைச்சித் துண்டுகளும் கிடக்கும் அந்தச் சாறு, சுட்ட இஞ்சி, வெங்காயம், கறுவா, கராம்பு என்பவற்றுடன் மாட்டெலும்பைப் பல மணிநேரம் மெல்லிய தீயிற் காய்ச்சிப் பெறப்படுவது. நாம் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் எவரோ அடுப்பருகே நின்று நுரை அகற்றியிருக்க வேண்டும்.

"பன்னிரண்டு யூரோவே? போன வருசம் பதினொண்டெல்லோ!" எனச் சித்தப்பா குறைப்பட்டார். முப்பது ஆண்டுகளாகப் பிரெஞ்சு உணவகங்களின் சமையலறைகளிற் சட்டி கழுவியும் மரக்கறி வெட்டியும் வாழ்ந்தவர் அவர். எலும்புச் சாற்றின் பின்னுள்ள உழைப்பை அவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதே மனிதர், முதல் வாரத்திற் பிரெஞ்சு உணவகமொன்றில் என்னை உபசரித்தபோது, வெங்காய சூப்புக்கு இதனிலும் கூடிய விலையை மறுபேச்சின்றிக் கொடுத்தார். அளவோ இதிற் பாதிதான்.

விலையிலே உழைப்பு மட்டுமன்றி, உழைப்பவன் சமூகத்தில் வகிக்கும் இடமும் சேர்த்தே கணிக்கப்படுகிறது என்பதை இம்முரண் காட்டுகிறது. 'ஃபோ' பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியின் கீழ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடவியட்நாமில் உருப்பெற்ற உணவு. 1954 இல் நாடு பிளவுண்டபோது தெற்கே பெயர்ந்த பல இலட்சம் வடவரோடு அது சைகோனில் வேரூன்றியது. அங்கு முளைத்த பயறும் தேசிக்காயும் வாசனை இலைகளும் அதனுடன் சேர்ந்தன. 1975 ஏப்பிரல் 30 இல் சைகோன் வீழ்ந்தபின் வெளியேறியவர்கள் அதனைக் கடல் கடத்தினர். வியட்நாம், கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளின் அகதிகள், பாரிஸின் பதின்மூன்றாம் வட்டாரத்திற் புதிதாக எழுந்திருந்த அடுக்குமாடிகளிற் குடியேறினர். ஆண்டவனது மொழியிற் பெயர் பெற்ற சூப்பு உயர்ந்தது, ஆளப்பட்டவனது சூப்பு மலிந்தது! எங்கள் லாச்சப்பல் கடைகளின் கொத்துரொட்டிக்கும் இவ்விதியே பொருந்தும்.

எனினும், மலிவைப் பழிப்பதும் அத்துணை எளிதன்று. அக்கோப்பையின் விலையை இருபத்தைந்து யூரோவாக்கினால் நீதி நிலைத்துவிடுமா? அன்று எம்மோடு மேசையைப் பகிர்ந்த கட்டடத் தொழிலாளியும் மாணவியும் அங்கு வரமாட்டார்கள், சித்தப்பாவும் வரமாட்டார். மலிவுதான் அவர்களை ஒரே மேசையில் இருத்தியது. அம்மலிவின் சுமையை யார் சுமக்கிறார் என்பதே சிக்கல். இத்தகைய கடைகள் பலவற்றில் மனைவியினதும் பிள்ளைகளினதும் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. உண்பவனுக்கு அது புலப்படுவதுமில்லை.

ஆகவே, குறைந்த விலை கொடுப்பதை நான் குற்றமெனக் கொள்ளேன். கொடுக்க இயன்றவன், 'இதற்கு இவ்வளவே போதும்' எனத் தீர்ப்பளிப்பதே குற்றம். சித்தப்பாவின் முறைப்பாடு வேறு வகையைச் சார்ந்ததோ என இப்பொழுது ஐயுறுகிறேன். தன் வருவாய்க்கு எட்டிய ஒரே உணவகம் கைநழுவுகிறதே என்ற அச்சமாகவும் அது இருக்கலாம். வெங்காய சூப்போ என்பொருட்டு ஒருநாள் செய்த செலவு.

எனக்கு அந்தச் சாட்டும் இல்லை. பன்னிரண்டு யூரோ என்றதும், ஏறத்தாழ நாலாயிரம் ரூபாவென மனத்துள் கணக்கிட்டு, ஒரு கோப்பைச் சாற்றுக்கு இது அதிகமென்றே நானும் நினைத்தேன். பிரெஞ்சு உணவகத்தில் வெங்காய சூப்பை அருந்தியபோது அதன் விலையை நான் ரூபாவாக மாற்றிப் பார்க்கவேயில்லை.