மின் கட்டணமும் கடன்தான்



கடன் என்றால் நம் நினைவுக்கு வருவது எது? மளிகைக் கடைப் பாக்கி, நகையை வைத்து வாங்கியது, மச்சானிடம் கைமாற்றாகப் பெற்றது. இவற்றைத் திருப்பித் தராவிட்டால் மானம் போய்விடும் என்று அஞ்சுகிறோம். ஆனால், இரண்டு மாதம் விளக்கை எரித்துவிட்டுக் கட்டாமல் விட்ட மின் கட்டணத்தைக் கடன் என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. 'கவர்மெண்டுக்குத்தானே' என்று சொல்லிவிடுகிறோம். அந்தத் 'தானே'யில்தான் ஷைத்தான் உட்கார்ந்திருக்கிறான்.

கையெழுத்துப் போட்டு இணைப்பு வாங்கியது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்லாஹ் தஆலா முஃமின்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறான். எதிரே நிற்பவர் சர்க்காரா, தனி மனிதரா, நம் மார்க்கத்தவரா, வேற்று மார்க்கத்தவரா என்ற பேதம் அதில் இல்லை. நாயகம் (ஸல்) அவர்கள் வஃபாத்தான சமயத்தில், குடும்பத்துக்காக வாங்கிய வாற்கோதுமைக்கு ஈடாக அவர்களுடைய போர்க்கவசம் ஒரு யூதரிடம் அடைமானமாக இருந்தது. கடன் கடனாகவே மதிக்கப்பட்டது.

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இவர் மீது கடன் உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இரண்டு தீனார் உண்டு என்றதும் தொழவைக்காமல் விலகிக்கொண்டார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அதைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழவைத்தார்கள். அத்தோடு விடவில்லை. அந்தத் தீனார்கள் என்னவாயின என்று பிறகும் விசாரித்தார்கள். கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்ன பின்னரே, இறந்தவருடைய மேனி இப்போது குளிர்ந்தது என்ற கருத்தில் பேசினார்கள். வெறும் இரண்டு தீனார், சகோதரர்களே!

அருப்புக்கோட்டையில் தறி ஓடினால்தான் கூலி. திருச்சுழிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வானம் பார்த்த கரிசல் நனைந்தால்தான் மிளகாயும் கம்பும் வீடு வந்து சேரும். கண்மாய் வறண்ட வருஷத்தில் கட்டணம் கட்ட முடியாமல் போவது உண்மையே. அப்படி நெருக்கடியில் சிக்கியவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் மேலானது என்றும் குர்ஆன் (2:280) கூறுகிறது. ஜகாத் பெறும் எட்டு வகையாரில் கடன்பட்டவரும் ஒருவர். வருமானமற்ற விதவையின் வீட்டில் இருட்டு விழுந்தால், மஹல்லா ஜமாஅத் அதைக் காதில் வாங்க வேண்டும்.

ஆனால், வசதியிருந்தும் இழுத்தடிப்பவரின் சங்கதி வேறு. அதை நாயகம் (ஸல்) அவர்கள் அநியாயம் என்றே சொன்னார்கள். வீடுகளுக்கு இரு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். விசைத்தறிக்கு 2023 முதல் 1000 யூனிட் இலவசம். இவ்வளவுக்கும் மேலே எரித்ததற்குத்தான் பணம் கேட்கிறார்கள். கட்டாவிட்டால், 15 நாள் முன்னறிவிப்பு கொடுத்து இணைப்பைத் துண்டிக்க 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் இடமளிக்கிறது. ஒயர்மேன் ஏணியோடு வந்து நின்றால் வாசலில் வாய்ச்சண்டை! நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒட்டகக் கடனைக் கேட்க வந்த ஒருவர் கடுமையாகப் பேசினார். தோழர்கள் பாய்ந்தபோது, உரிமையுள்ளவருக்குப் பேச இடமுண்டு என்று தடுத்து, வாங்கியதைவிட உயர்ந்த ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். ஒயர்மேன் தம் சொந்தப் பணத்தையா கேட்கிறார்? அவர் கூலிக்கு வேலை செய்பவர்.

இன்னொரு விஷயம், மவ்த்தானவர் பெயரில் இருக்கும் இணைப்பு. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதார் எண்ணைச் சேர்க்கச் சொன்னபோது, பாட்டனார் பெயரிலேயே கட்டணம் கட்டிவந்த வீடுகள் எத்தனை எத்தனை வெளிப்பட்டன! அத்தா விட்டுப்போன பாக்கி அத்தாவோடு போகாது. வசிய்யத்தும் கடனும் தீர்ந்த பின்னரே சொத்துப் பங்கு என்று குர்ஆன் திட்டமாகச் சொல்கிறது. விதிகள் இடமளிக்கும் இடத்தில், பழைய உரிமையாளரின் மின் பாக்கியைப் புது உரிமையாளரிடம் கேட்கலாம் என்று 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. ஆகவே, பாக்கியை மறைத்து வீட்டை விற்பவர், வாங்குகிறவர் தலையில் தம் கடனைச் சுமத்துகிறார். ஜுபைர் (ரலி) அவர்கள் 22 லட்சம் கடன் விட்டுச் சென்றார்கள். மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அதைத் தீர்த்த பிறகும் பங்கு பிரிக்கவில்லை. நான்கு வருஷம் ஹஜ்ஜுக் காலத்தில், கடன் வரவேண்டியவர்கள் வாருங்கள் என்று அறிவித்த பிறகே பிரித்தார்கள்.

இக்காலத்தில் நம் கடன் நடத்தையை எழுதிவைக்கும் ஏடு ஒன்று உண்டு. சிபில் முதலாக நான்கு நிறுவனங்கள் இந்தியாவில் இதை நடத்துகின்றன. 300 முதல் 900 வரை மதிப்பெண். மின்வாரியம், வங்கியைப் போல் இவற்றுக்குத் தவறாமல் கணக்கு அனுப்பும் ஸ்தாபனம் அல்ல. ஆனால் மாதக் கட்டணக் கைபேசிக் கம்பெனிகளின் பாக்கி அதில் ஏறக்கூடும். திருப்பூருக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போன பிள்ளை, அங்கே எடுத்த இணைப்பைக் கட்டாமல் போட்டுவிட்டு ஊர் திரும்புகிறான். சில நூறு ரூபாய். அதுவே பிறகு ஒரு நாள் குறுக்கே நிற்கிறது.

'நான் வட்டிக்கே போகாதவன், எனக்கு ஏன் சிபில்?' என்று சிலர் கேட்பார்கள். வட்டியை விட்டு விலகியிருப்பது பாக்கியம். அதில் உறுதியாக இருங்கள். ஆனால் ஏடு கடன் கேட்கும்போது மட்டும் திறக்கப்படுவதில்லை. கடன் பதிவு மோசமாக இருந்த ஒருவருக்குக் கொடுத்த பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது. அது சரியே என்று 2025-இல் சென்னை ஹைகோர்ட் கூறியது. (வங்கி வேலை கூடுமா கூடாதா என்பது தனி மஸ்அலா.) கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வான், வாக்களித்தால் மாறுவான் என்பதால்தான் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டுப் பாதுகாப்புத் தேடினார்கள். 'நாளைக்குக் கட்டுறேன்' என்று நாம் சொல்லும் பொய்யைத்தான் அந்த ஏடு எண்ணாக எழுதுகிறது.

குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து (2:282) கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. ஆகவே கட்டினால் ரசீது வாங்குங்கள். பழைய பாக்கியைத் தீர்த்தால், பாக்கி இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கட்டியும் தவறாகப் பதிவாகியிருந்தால் புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டுமென்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தவர், தம் பெயரைக் காக்க வாதாடுவதில் தவறில்லை.

'இரண்டு வருஷம் போனால் கேட்க முடியாதாமே' என்று ஒரு சட்டப் பேச்சும் உலவுகிறது. பில்லில் தொடர்ந்து பாக்கி என்று காட்டி வந்தால் அந்தக் கெடு பொருந்தாது. பொருந்தினாலும், அது துண்டிப்பு முதலான வழிகளைத்தான் கட்டுப்படுத்தும். கடனை அழித்துவிடாது. ஷரீஅத்திலோ, காலம் கடந்ததால் அடியானின் ஹக்கு செத்துப்போவதில்லை.

நம் ஊர்களில் ஜனாஸா தொழுகைக்கு முன் வாரிசு எழுந்து நின்று, 'எங்க அத்தா யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் எங்களிடம் கேளுங்கள்' என்று சொல்கிறாரே, அது நல்ல வழக்கம். ஆனால் அந்த ஸஃப்பில் மின்வாரியத்து ஆள் நிற்பதில்லை. கைபேசிக் கம்பெனிக்காரரும் நிற்பதில்லை. கத்தம் பாத்திஹாவுக்குச் சாமான் பட்டியல் போடுவதற்கு முன்னால், பீரோவில் இருக்கும் மின் அட்டையை எடுத்துக்கொண்டு பிள்ளைகளில் ஒருவர் பிரிவு அலுவலகத்துக்குப் போய் வரட்டும்.