வாசித்தபின் எஞ்சுவது



இன்று இறைவார்த்தை ஞாயிறு. முதல் வாசகத்தில் எஸ்ராவைப் பார்த்தோம். பாபிலோனிலிருந்து திரும்பிய மக்கள் எருசலேமில் தண்ணீர் வாயிலுக்கு முன் கூடியிருக்கிறார்கள். மரத்தால் செய்த மேடையில் ஏறி நின்று, விடிந்ததிலிருந்து நண்பகல்வரை எஸ்ரா திருச்சட்ட நூலை வாசிக்கிறார். கேட்கக் கேட்க மக்கள் அழுகிறார்கள். அழவேண்டாம், வீட்டுக்குப் போய் நல்ல உணவாகச் சாப்பிடுங்கள், ஒன்றும் சமைக்க வழியில்லாதவர்களுக்கும் ஒரு பங்கு கொடுத்தனுப்புங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. காலையில் ஒரு நூலை வாசித்தார்கள். மாலைக்குள் அது பக்கத்து வீட்டு ஏழையின் தட்டுவரை போய்ச் சேர்ந்துவிட்டது.

அதை மனதில் வைத்துக்கொண்டு உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எதை வாசிக்கிறீர்கள்? வாசித்து முடித்தபின் அது உங்களுக்குள் எதை விட்டுவிட்டுப் போகிறது?

நமக்கு வாசிக்க ஏது நேரம் சாமி என்று பலர் சொல்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தாராவி நைன்டி ஃபீட் ரோட்டு டீக்கடையில் ஒருவர் தினத்தந்தியை உரக்க வாசிக்க, நாலு பேர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதைப் பார்க்கிறேன். செம்பூரில் ஹார்பர் லைன் ஏறும் பெண்கள் இறங்கும்வரை போனில் தொடர்கதை படிக்கிறார்கள். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் நடைபாதைப் பழைய புத்தகக் கடை முன்னால் நம் கல்லூரிப் பிள்ளைகள் குனிந்து நிற்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வருவதையும் சேர்த்துக்கொண்டால் நாள் முழுக்க வாசிக்கிற மக்கள் நாம்.

லொயோலா இஞ்ஞாசியாரின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1521ஆம் ஆண்டு மே மாதம், பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை உடைத்தது. வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். மாதக்கணக்கில் படுக்கை. பொழுது போகவில்லை. அவருக்குப் பிடித்தவை வீரர்கள் வாளெடுத்துச் சென்று பெருமாட்டிகளின் மனதை வெல்லும் கதைகள். கேட்டார், அந்த வீட்டில் அப்படி ஒரு புத்தகம்கூட இல்லை. இருந்தவை இயேசுவின் வாழ்க்கை பற்றிய ஒரு நூலும், புனிதர்களின் வரலாறுகளைச் சொல்லும் 'ஃபிளோஸ் சாங்க்டோரும்' என்ற நூலும்தான். வேறு வழியின்றி அவற்றைப் படித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்கவேண்டியது. பழைய வீரக்கதைகள் அவரை விட்டுப் போய்விடவில்லை. மணிக்கணக்காக அந்தக் கனவிலேயே கிடப்பார். பிறகு பிரான்சிஸ், தோமினிக் போன்றவர்கள் செய்ததை நானும் செய்தால் என்ன என்றும் எண்ணிக்கொண்டிருப்பார். இரண்டுமே எண்ணும்போது இனித்தன. ஆனால் முதல் கனவு கலைந்ததும் உள்ளம் வறண்டு கிடந்தது. இரண்டாவது எண்ணம் போனபிறகும் அதன் மகிழ்ச்சி தங்கியிருந்தது. இந்த வித்தியாசத்தை அவர் சட்டென்று கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் கண் திறந்தது என்று பிற்காலத்தில் தாமே சொல்லியிருக்கிறார். ஆவியைத் தெளிந்து தேர்தல் பற்றி அவர் வகுத்து, திருச்சபை இன்றும் கற்பிக்கும் வழி, படுக்கையில் கிடந்த ஒரு வாசகன் தன் மனதைக் கவனித்ததில் தொடங்கியது.

ஆகவே படிக்கும்போது இனித்ததா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். சிலரைப் பழித்து, ஒரு சாதியையோ மதத்தையோ இழித்து வரும் செய்தியும் படிக்கும்போது விறுவிறுப்பாகத்தான் இருக்கும். போனை மூடியபின் மனம் எப்படி இருக்கிறது? எதிர் வீட்டுக்காரரை முன்பு பார்த்த அதே கண்ணால் பார்க்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்த வாசிப்பு உங்களைக் கெடுத்துவிட்டது.

இஞ்ஞாசியார் கையில் எடுத்த அந்த நூலின் பெயரிலேயே தமிழிலும் ஒரு நூல் வந்தது. பாரீசில் அவரோடு ஒரே அறையில் இருந்த சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குப் பின் அங்கே பணிசெய்த என்றீக்கே என்றீக்கசு அடிகளார் நம் மொழியைக் கற்று, 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலை அச்சிட்டார். பதினாறே பக்கம். இந்தியாவில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல் அது. 1586இல் தமிழில் 'ஃபிளோஸ் சாங்க்டோரும்' வெளியிட்டார். அது 600 பக்கங்களுக்கும் மேல். யாருக்காக? கடலில் மூழ்கி முத்தெடுத்த, மீன்பிடித்த நம் முன்னோருக்காக. அவர்கள் புத்தகத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று அந்தத் துறவி ஒரு நாளும் நினைக்கவில்லை. 1967இல் இராசமாணிக்கம் அடிகளார் அதை 'அடியார் வரலாறு' என்ற பெயரில் தூத்துக்குடியில் மறுபடி பதிப்பித்தார். தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வாழும் குடும்பங்கள் இதைப் பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

சொல்லும்போதே மனதுக்குள் ஒரு வருத்தமும் இருக்கிறது. நம் பாடற்குழுவில் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் தாளைப் பார்த்திருக்கிறீர்களா? தமிழ்ப் பாட்டு, ஆங்கில எழுத்தில். 'ழ' வரும் இடத்தில் இசட்டும் எச்சும் சேர்ந்து நிற்கும். பிள்ளைகள் மேல் குறையில்லை. பள்ளியில் தமிழ் இல்லை. 1554இல் லிஸ்பனில் அச்சான முதல் தமிழ் வேத நூலும் இப்படித்தான், உரோமன் எழுத்தில் தமிழாக இருந்தது. அங்கிருந்து சொந்த எழுத்துக்கு வர நமக்கு இருபத்துநாலு ஆண்டுகள் ஆயின. நாம் மறுபடி லிஸ்பனுக்கே போய்க்கொண்டிருக்கிறோம். மும்பை மாநகராட்சி இன்னும் தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. அங்கே அனுப்ப முடியாதவர்கள் வீட்டிலாவது எழுத்தைக் கற்றுக்கொடுக்கலாம்.

கதைப் புத்தகம் படிப்பது பாவமா என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். இல்லை. எனக்கும் கதைகள் மேல் தீராத ஆசை உண்டு. ஜெயகாந்தனைப் படித்தபின், தெருவில் ஒதுங்கி நிற்கும் மனிதனை நின்று பார்க்கத் தோன்றுகிறது. அந்தப் பார்வையை இயேசுவின் பார்வைக்குப் பக்கத்தில் வைக்கத் தயங்கமாட்டேன். திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலையில் இலக்கிய வாசிப்பு பற்றியே ஒரு மடல் எழுதினார். இளம் வயதில் பள்ளியில் இலக்கியம் கற்பித்தவர் அவர். அடுத்தவரின் குரலைக் கேட்க இலக்கியம் நம்மைப் பழக்குகிறது என்பது அவர் கருத்து. மாட்டுங்காவில் டான் போஸ்கோ மாதா திருத்தலத்துக்குப் போகிறோமே, அந்த டான் போஸ்கோவும் மாணவப் பருவத்தில் கியேரி நகரத்து யூதர் கடையில் புத்தகத்துக்கு ஒரு காசு கொடுத்து இரவல் வாங்கிப் படித்தவர். 1853இல் எளிய மக்களுக்காக மாதம் ஒரு சிறு நூல் வெளியிடத் தொடங்கினார்.

கதை படியுங்கள், செய்தித்தாள் படியுங்கள். ஆனால் இறைவார்த்தையை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வாசகர் வாசிக்கக் கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எசாயாவின் சுருளை விரித்து, தாம் தேடிய இடத்தைக் கண்டெடுத்தார் இயேசு. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அளவுக்கு அந்த நூலோடு பழகியிருந்தார்.

லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் டிவியை அணைத்துவிட்டு, நாளுக்கு ஓர் அதிகாரம் வீட்டில் உரக்க வாசியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிள்ளையின் விரலை எழுத்தின்மேல் வைத்து, தடுமாறினாலும் பரவாயில்லை, இரண்டு வரியாவது அந்தப் பிள்ளையே தமிழில் வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் இன்று யாருக்கு என்ன கொடுத்தனுப்பலாம் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். அடுத்த ஞாயிறுவரை தள்ளிப்போடாமல் இன்றிரவே முதல் அதிகாரத்தைத் தொடங்குங்கள். ஆமென்.